நம் பல்கலைக் கழகமும் நாமும்

சென்னை மாநகரின் கடற்கரைச் சாலை வழியே நாள்தோறும் செல்வோர் பல்லாயிரவர். கூவம் ஆறு கடலொடு கலக்கும் இடத்துக்குத் தெற்கே, சாலையின் மேல்பால், கோபுரங்களும் குவிமாடங்களும் தாங்கிச் செங்கல்லால் எழுந்து நிற்கும் பெருமண்டபம் ஒன்று அவர்தம் கண்ணிற் படாமல் இராது. அதனை அடுத்து மணிக்கூண்டோடு கூடிய கட்டடம் ஒன்றும் உளது. "இவை யாவை?" என்று வழிப்போக்கர் ஒருவரை வினவின், "யூனிவர்சிட்டி" என்று விடை வரும். "அங்கே நடப்பது யாது?" என்று பின்னும் வினவின், "பரீட்சை வைப்பார்கள், பட்டம் கொடுப்பார்கள்" என்பதே பெரும்பாலும் கிடைக்கும் விடையாகும். வழிப்போக்கரைக் குறை கூறுவானேன்? நம் கல்லூரி மாணவரை வினவினும் இதனின் வேறான விடை வருமென்று சொல்ல எமக்குத் துணிவில்லை. மூன்றாண்டு இங்குப் பயின்று, சென்னைப் பல்கலைக் கழகத்தின் முத்திரை பொறித்த பட்டத்தைப் பெற்றுச் செல்லும் நம்மவருள், அதன் வாயிலை ஒரு முறையேனும் கடந்து உட்சென்றோர் எத்துணைப் பேர்?

வழிப்போக்கர் கூறும் விடை பொய்யன்று. ஆயின் அது பாதி மெய்யே. அப்பாதி மெய்யை முழு மெய்யெனக் கொண்டுவிடுதலால், பல்கலைக் கழகத்துக்கும் கேடு, நமக்கும் கேடு என்பது எமது கருத்து. அக்கருத்தை நிறுவுதற்குப் பழைய வரலாற்றைச் சிறிது கூறுதல் இன்றியமையாதது. அன்பர்கள் பொறுமையுடன் செவி சாய்ப்பாராக.

பல்கலைக் கழகம் அரசினர் தாமே மனமுவந்து இட்ட பிச்சையென்று நம்மிற் பலர் எண்ணியிருக்கின்றனர். அஃது உண்மையன்று. 1839-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் இம்மாகாணத்து மக்கள் எழுபதினாயிரவர் கையொப்பமிட்ட விண்ணப்பம் ஒன்று அக்காலத்து ஆளுநராகிய எல்பின்ஸ்டன் பிரபுவிடம் அளிக்கப்பட்டது. அதனை முன்னின்று நடத்தியவர் அரசின் தலைமை வழக்கறிஞராகிய ஜார்ஜ் நார்ட்டன் என்பார். தந்தியும் புகைவண்டியும் இந்நாட்டில் இல்லாத காலத்தில் எழுபதினாயிரம் கையொப்பங்கள் திரட்டுதல் எளிய செயலோ? உயர்தரக் கல்வி வேண்டுமென்று இந்நகரம் தானே வாய்விட்டுக் கேட்டது. அதன் பயனாக 1841-இல் எழும்பூரில் ஓர் உயர்தரப் பாடசாலை திறக்கப்பட்டது. அதுவே பின்னர் மாநிலக் கல்லூரியாக வளர்ந்தது. கேட்ட பல்கலைக் கழகமோ மேலும் பதினாறு ஆண்டுகள் கழித்து, 1857-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள் நிறைவேறிய சட்டத்தினாலேயே கிடைத்தது. கல்கத்தா, பம்பாய் ஆகிய இரு நகரங்களின் பல்கலைக் கழகங்களும் அவ்வாண்டிலேயே பிறந்தவை.

பிறந்த பல்கலைக் கழகத்துக்கு வகுப்பறை இல்லை, ஆசிரியர் இல்லை, நூலகமும் இல்லை. அக்காலத்து இலண்டன் பல்கலைக் கழகத்தை மாதிரியாகக் கொண்டு அஃது அமைக்கப்பட்டது. கற்பித்தல் கல்லூரிகளின் தொழில். கற்றாரைத் தேர்ந்து பட்டம் அளித்தல் பல்கலைக் கழகத்தின் தொழில். இவ்வாறே சட்டமும் வகுத்தது. தனக்கென ஒரு வீடும் இன்றி, 1879 வரையில் அது தன் பட்டமளிப்பு விழாக்களை அரசினர் தோட்டத்து விருந்து மண்டபத்திலே நடத்திற்று. இன்று இராஜாஜி மண்டபம் என வழங்குவது அதுவே. 1874 முதல் 1879 வரையில், ஆர்க்காட்டு நவாபின் சேப்பாக்கம் அரண்மனைக்கு அயலிலே, சிஷோம் என்னும் சிற்பியார் வகுத்த வண்ணம் செனட் மண்டபம் எழுந்தது. மேனாட்டு முறையும் முகம்மதியச் சிற்ப முறையும் கலந்த அம்மண்டபம் விழாக்களுக்கும் தேர்வுகளுக்கும் உரிய இடமாயிற்று. அதாவது, பல்கலைக் கழகம் முதன்முதற் கட்டிக்கொண்ட வீடும் கற்பிக்கும் வீடன்று. பட்டம் கொடுக்கும் வீடே.

இத்தேர்வு முறையை முற்றும் பழித்தல் எமது நோக்கமன்று. அதனால் விளைந்த நன்மையை மறைத்தலும் நன்றி மறத்தலாகும். தேர்வுத்தாள் எழுதினவன் ஊரையும் குலத்தையும் தந்தையின் செல்வத்தையும் கேட்பதில்லை. சிற்றூரிலிருந்து வந்தவனும் நகரத்துப் பெருஞ்செல்வர் மகனும் ஒரே வினாவுக்கு ஒரே காலத்தில் விடை எழுதினர். இப்பல்கலைக் கழகம் தோன்றியவுடன் நிகழ்ந்த முதற் பி. ஏ. தேர்விலே வெற்றி பெற்றோர் இருவர். ஒருவர் சி. வை. தாமோதரம் பிள்ளை, மற்றவர் அவருக்கு ஆசிரியராக இருந்த கரோல் விசுவநாத பிள்ளை. இருவரும் யாழ்ப்பாணத்தினர்; இருவரும் வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனார் நடத்திய கல்விச்சாலையிற் பயின்றோர். மிஷன் கல்லூரி ஒன்றன் பத்திரிகையில் இதனை நினைவுகூர்தல் பொருத்தமுடைத்து. கடல் கடந்து வந்த இருவரைத் தன் முதற் பட்டதாரிகளாகக் கொண்ட பெருமையைத் தேர்வு முறையே இப்பல்கலைக் கழகத்துக்கு அளித்தது.

ஆயினும், தாமோதரம் பிள்ளையவர்களை நாம் இன்று போற்றுவது அவர் பெற்ற பட்டத்தைக் கருதியோ? அன்று. 1881-இல் வீரசோழியத்தையும், 1885-இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும், 1887-இல் கலித்தொகையையும், செல்லரித்த ஏட்டுச் சுவடிகளினின்றும் மீட்டு அச்சேற்றிய அரும்பணியைக் கருதியே போற்றுகின்றோம். அப்பணிக்கு எந்தத் தேர்வும் அவரை ஏவவில்லை. எந்தத் தேர்வும் அதற்கு மதிப்பெண் வழங்கவும் இல்லை. முதற் பட்டதாரியின் வாழ்க்கையே, பட்டத்துக்கு அப்பாலும் கல்வி உண்டென்பதற்கு முதற் சான்றாக நிற்கின்றது.

தேர்வு முறையின் குறையை விளக்க இன்னொரு வரலாறும் உண்டு. கும்பகோணத்து இளைஞர் ஒருவர் கணக்கு ஒன்றிலேயே கருத்தூன்றி, ஏனைய பாடங்களைக் கைவிட்டமையால், இப்பல்கலைக் கழகத்தின் எப். ஏ. தேர்விலே ஒரு முறைக்கு மேலும் தோல்வியுற்றார். பின்னர்ச் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் எழுத்தராக அமர்ந்தார். அவரே சீனிவாச இராமாநுஜன் என்பதை அன்பர்கள் அறிவர். தேர்வு ஒன்றே பல்கலைக் கழகமாயின், அவர் கதை அத்துடன் முடிந்திருக்கும். ஆனால் 1913-ஆம் ஆண்டு மே மாதம் முதலாக, முதுநிலைப் பட்டம் பெற்றோர்க்கே உரிய ஆராய்ச்சி உதவித்தொகையைத் திங்களுக்கு 75 ரூபாயாக அவருக்கு வழங்க இப்பல்கலைக் கழகம் இசைந்தது. பட்டமில்லாத ஒருவருக்கு விதியைத் தளர்த்திய அச்செயல் எத்துணைப் பெரிது! மறு ஆண்டு அவர் கேம்பிரிட்ஜுக்குச் சென்றபோதும், ஆண்டுக்கு 250 பவுன் அளித்து அனுப்பிற்று. தோற்றவர் என்று ஒரு கையால் தள்ளிய பல்கலைக் கழகமே, மறு கையால் அவரைத் தாங்கி எடுத்தது. தள்ளிய கை தேர்வின் கை. தாங்கிய கை கல்வியின் கை. அவர் கைப்பட எழுதிய கணக்கேடுகள் இப்பல்கலைக் கழக நூலகத்தின் பெருஞ்செல்வமாக விளங்குகின்றன. இவ்விரு கைகளுள் எதனைப் பல்கலைக் கழகத்தின் உண்மைக் கையென்று கொள்வது?

1904-ஆம் ஆண்டின் சட்டம் பல்கலைக் கழகங்கள் தாமே கற்பிக்கவும் ஆராயவும் இடந் தந்தது. அதன்பின் சென்னையிலும் துறைகள் சில எழுந்தன. 1914-இல் இந்திய வரலாற்றுத் துறைக்குச் ச. கிருஷ்ணசாமி ஐயங்கார் பேராசிரியராக அமர்ந்தார். இந்தியப் பொருளாதாரத் துறைக்கு இங்கிலாந்திலிருந்து வந்தவர் கில்பர்ட் சிலேட்டர் என்பார். அவர் செய்த செயல் இன்றும் வியத்தற்குரியது. அவர் தம் மாணவரைப் புத்தகத்தோடு நிறுத்தாது, 1916-இல் அவரவர் ஊர்களுக்கு அனுப்பி, நிலம் எவ்வளவு, நீர் எங்கிருந்து வருகின்றது, கடன் எத்துணை, கூலி யாது என்று வீடுதோறும் கேட்டெழுதச் செய்தார். இருவேல்பட்டு, தூசி, கங்கைகொண்டான், வடமலைபுரம், பாலக்குறிச்சி முதலிய சிற்றூர்கள் இவ்வாறு 1918-இல் வெளிவந்த நூலொன்றில் இடம் பெற்றன. இருபது ஆண்டு கழித்துப் பின்வந்தோர் அவ்வூர்களுக்கே மீண்டுஞ் சென்று, மாறியதும் மாறாததும் கண்டெழுதினர். நகரத்துப் பல்கலைக் கழகம் ஒன்று நாட்டுப்புறத்தை நோக்கித் தன் சாளரத்தைத் திறந்த நிகழ்ச்சி அது.

தமிழுக்கு அது செய்த பணியுள் தலையாயது தமிழ்ப் பேரகராதி. 1913-இல், மதுரை அமெரிக்க மிஷனைச் சார்ந்த சாந்லர் பாதிரியாரைப் பதிப்பாசிரியராகக் கொண்டு அப்பணி தொடங்கிற்று. முதலிற் குறித்த காலமும் பொருளும் பன்மடங்கு மிகுந்தன. குறை கூறினாரும் பலர். கைவிடுக என்றாரும் உளர். எனினும் பணி நிற்கவில்லை. வையாபுரிப் பிள்ளையவர்கள் பதிப்பாசிரியராய் இருந்து 1936-இல் ஆறு தொகுதிகளாக அதனை நிறைவேற்றினார்; அநுபந்தமும் பின்னர் வெளிவந்தது. நூறாயிரத்துக்கு மேற்பட்ட சொற்களைத் தன்பாற் கொண்ட அந்நூலில் குறைகளே இல்லையென்று யாம் கூறவில்லை. ஆயின் அதனைக் கையிலெடாமல் இன்றும் பழந்தமிழ் நூலொன்றை ஆராய்வார் எவர்? விற்று இலாபம் காணும் நோக்கினார் எவரும் இருபத்து மூன்று ஆண்டுகள் ஓர் அகராதிக்காகக் காத்திரார். பல்கலைக் கழகம் காத்திருந்தது.

நூலகத்தின் வரலாறும் இத்தகையதே. 1924-இல் அதன் முதல் நூலகராகப் பதவியேற்ற அரங்கநாதன் அவர்கள் அதற்குமுன் கணக்கு ஆசிரியராக இருந்தவர். புத்தகம் பூட்டி வைத்தற்கன்று, படித்தற்கே என்னும் கொள்கையை அவர் இலக்கணமாக வகுத்து 1931-இல் நூலாக வெளியிட்டார். 1933-இல் அவருடைய புதிய பகுப்பு முறையும் வெளிவந்தது. வாசகர் தாமே அலமாரியை அணுகி நூலெடுக்கும் உரிமையை அவர் இங்கே நடைமுறைக்குக் கொணர்ந்தார். கன்னிமாரா நூல் நிலையத்தில் ஒண்டுக் குடியாக இருந்து, பின்னர்ச் செனட் மண்டபத்துக்கு மாறி, 1936-ஆம் ஆண்டிலேதான் அந்நூலகம் கடற்கரையில் தன் சொந்த வீட்டிற் குடிபுகுந்தது. தேர்வுக்கு 1879-லேயே மாளிகை கிடைத்தது; புத்தகத்துக்கு வீடு கிடைக்க மேலும் ஐம்பத்தேழு ஆண்டுகள் சென்றன. இவ்வொரு கணக்கே நாம் கூற வந்ததையெல்லாம் கூறிவிடுகின்றது.

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவது யாது? இராமாநுஜனுக்கு அளித்த உதவி, சிற்றூர் ஆராய்ச்சி, பேரகராதி, நூலகம் ஆகிய நான்கும் இப்பல்கலைக் கழகத்தின் புகழைத் தாங்கும் தூண்கள். இந்நான்கனுள் ஒன்றேனும் தேர்வினாற் பிறந்ததன்று. தேர்வு என்னும் உமியினுள்ளே இருந்த அரிசி இவை.

இந்த வேறுபாட்டை இன்று வற்புறுத்தக் காரணம் உண்டு. ஒரு காலத்தில் தென்னாடு முழுவதையும் தன் குடைக்கீழ்க் கொண்டிருந்த பல்கலைக் கழகம் இது. 1916-இல் மைசூரும், 1926-இல் ஆந்திரமும், 1929-இல் அண்ணாமலையும், 1937-இல் திருவிதாங்கூரும் தத்தமக்கெனப் பல்கலைக் கழகம் கண்டன. விடுதலைக்குப் பின்னர்த் திருப்பதியும் மதுரையும் கோவையும் திருச்சிராப்பள்ளியும் பெற்றன. பொறியியலும் மருத்துவமும் தனித்தனியே பிரிந்து சென்றன. இப்போது சென்னையும் அதனைச் சூழ்ந்த பகுதிகளுமே எஞ்சியுள்ளன. 1978 முதலாகக் கல்லூரிகள் சில தன்னாட்சி பெற்றுத் தாமே பாடத்திட்டம் வகுத்துத் தேர்வும் நடத்தத் தலைப்பட்டன. அவற்றின் தொகை ஆண்டுதோறும் பெருகி வந்துள்ளது. ஆகவே சிலர் வினவுகின்றனர்: "தேர்வு கல்லூரிக்குப் போயிற்று, எஞ்சியது பட்டத்தில் இடும் முத்திரை ஒன்றே. அதற்கு ஒரு பல்கலைக் கழகம் எதற்கு?" என்று.

தேர்வே பல்கலைக் கழகம் என்று நூற்றாண்டுக்கு மேலாக நம்பி வந்ததன் பயன் இவ்வினா. அந்நம்பிக்கை சரியாயின் இவ்வினாவும் சரியே, விடையும் இல்லை. ஆனால் எமது கருத்து இதற்கு நேர்மாறானது. தேர்வுச் சுமை குறைந்ததனால் பல்கலைக் கழகத்தின் வேலை தீர்ந்துபோகவில்லை. அதன் உண்மையான வேலைக்கு இப்பொழுதுதான் கை ஒழிந்தது. தனிக் கல்லூரி ஒன்று பேரகராதி இயற்றல் இயலுமோ? பல இலக்கம் நூல்களைச் சேர்த்து வைத்தல் இயலுமோ? பயன் கிட்டுமோ கிட்டாதோ என்று அறியப்படாத ஆராய்ச்சிக்கு ஆண்டுக்கணக்காகப் பொருள் வழங்குதல் இயலுமோ? கல்லூரிகள் தனித்தனியே செய்ய இயலாதவற்றை அவை அனைத்தின் பொருட்டும் செய்வதே பல்கலைக் கழகம்.

இன்னொரு சாரார், "நெருக்கடி மிக்க நகரத்திலே, கடலுக்கும் கூவத்துக்கும் நடுவே இடுங்கிக் கிடப்பானேன்? நகர்ப்புறத்தே பரந்த நிலத்துக்குப் போகலாகாதோ?" என்பர். அவர் கூற்றில் நியாயம் இல்லாமலில்லை. சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937-இல் ஜார்ஜ் டவுனை விட்டுத் தாம்பரத்துக் காட்டுக்குச் சென்று சிறந்ததை யாவரும் அறிவர். இப்பல்கலைக் கழகமும் கிண்டி, தரமணி, மதுரவாயல் ஆகிய இடங்களில் வளாகங்கள் கொண்டுள்ளது. ஆய்வுக்கூடங்களுக்கு அது தகும். ஆயினும் மூல இடத்தை விடுதல் கூடாது என்போம். உடனுறைந்து பயிலும் கல்லூரிக்குத் தனிமை நலந் தரும்; நகரத்தார் கையொப்பத்தினாற் பிறந்த பல்கலைக் கழகத்துக்கு நகரமே வீடு. அருங்காட்சியகமும் உயர்நீதி மன்றமும் துறைமுகமும் மருத்துவச் சாலைகளும் அதற்குப் பக்கத்திலேயே இருக்கும் பாடப்புத்தகங்கள். துறைமுக எழுத்தர் ஒருவரைப் பல்கலைக் கழகம் கண்டெடுத்தது இவ்விரண்டும் ஒரே கரையில் இருந்தமையாலும் அன்றோ? கடற்கரைக்குக் காற்று வாங்க வருவான் ஒருவன், உழைத்துக் களைத்த மாலையில், செனட் மண்டபத்தில் நல்ல சொற்பொழிவொன்று கேட்டுச் செல்லக் கூடுமாயின், அதனினும் சிறந்த கொடை அந்நகருக்கு வேறில்லை. நூற்றைம்பதாம் ஆண்டு நிறைவையொட்டி அம்மண்டபத்தைச் செப்பனிட்டது நன்றே. ஆனால் செப்பனிட்ட மண்டபம் பூட்டிக் கிடப்பதற்கன்று. புத்தகத்துக்கு அரங்கநாதன் கூறிய விதி கட்டடத்துக்கும் பொருந்தும்.

பொருள்நிலை குறித்தும் ஒரு சொல். 2024-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், வருமான வரியின் பொருட்டு இப்பல்கலைக் கழகத்தின் வங்கிக் கணக்குகள் முடக்கப்பட்டன. ஊதியத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் பொருளின்றி அது திகைத்து நின்ற செய்தி நாளிதழ்களில் வந்தது. கணக்கு வழக்குகளிற் பிழை யாருடையது என்று ஆராய்தல் எமது வேலையன்று. ஆயின் தேர்வுக் கட்டணத்தை நம்பியே பல்கலைக் கழகம் உயிர்வாழ வேண்டுமென்று விட்டுவிடுதல், உமியை விற்று அரிசி வாங்குக என்பதை ஒக்கும். தேர்வு குறையக் குறைய வருவாயும் குறையும்; வருவாய் குறையின் முதலில் வெட்டுண்பவை நூலகமும் ஆராய்ச்சியுமே. அரசினர் இதனை உணர்ந்து, பல்கலைக் கழகத்தைக் கட்டணத்தின் பிடியிலிருந்து விடுவித்தல் கடமை. அதே வேளையில், பெறும் ஒவ்வொரு காசுக்கும் ஒழுங்கான கணக்குக் காட்டுதல் பல்கலைக் கழகத்தின் கடமை.

அரசினர்க்கும் ஆட்சியாளர்க்கும் அறிவுரை கூறுதல் எளிது. நமக்குரிய கடமை யாது? அதனைக் கூறாது விடின் இக்கட்டுரை வெறும் குறைகூறலாகவே முடியும். மூன்று கூறுவோம். முதலாவது, நம் மாணவர் ஒவ்வொருவரும் பட்டம் பெறுமுன் பல்கலைக் கழக நூலகத்துள் ஒரு முறையேனும் சென்று, தாம் விரும்பிய பொருள் பற்றி நாள் முழுதும் படித்தல் வேண்டும். ஆசிரியன்மார் அவர்களை அழைத்துச் செல்லுதல் வேண்டும். இரண்டாவது, சிலேட்டர் தம் மாணவரைச் சிற்றூர்க்கு அனுப்பியதுபோல, நம் மாணவரும் தாம் வாழும் தெருவை ஆராய்ந்து எழுதுதல் வேண்டும். குடிநீர் எப்போது வருகின்றது, வாடகை எத்துணை, எவரெவர் எத்தொழில் செய்கின்றனர் என்று இன்று எழுதி வைப்பின், இருபது ஆண்டுகட்குப் பின் வருவோர் அதனைக் கொண்டு ஒப்பிட்டுப் பார்ப்பர். அதற்குப் பெரும்பொருளும் வேண்டா. ஒரு குறிப்பேடும் பணிவான நாவும் போதும். மூன்றாவது, தேர்வில் தோற்ற தோழனை இகழாதொழிதல். அவன் இராமாநுஜன் அல்லன் என்று நாம் எவ்வாறு துணிவோம்?

எழுபதினாயிரவர் கேட்டுப் பெற்ற செல்வம் இது. அவர்களிற் பெரும்பாலோர் பெயர் நமக்குத் தெரியாது. தாம் கேட்டது கிடைக்கும் வரையில் உயிரோடிருந்தோரும் எத்துணைப் பேரோ. அவர்கள் கேட்டது முத்திரை ஒன்றையன்று; கல்வியையே கேட்டனர். இனிக் கடற்கரைச் சாலை வழியே செல்லும்போது அக்குவிமாடங்களை நோக்கி, "இஃது எனக்குத் தேர்வு வைத்த இடம்" என்று மட்டும் கூறிச் செல்லாது, "இஃது என் முன்னோர் எனக்காகக் கேட்டு வைத்த இடம்" என்று எண்ணி உட்புகுவாராக. வாயில் நமக்கும் உரியதே.